எளாவூர் பக்கத்து அட்டை

வந்த போலீஸ்காரரு ஊட்டுல எதையும் தேடல. அதான் எனக்கு மொதல்ல உறுத்துச்சு. அலமாரியத் தொறக்கல, அரிசிப் பானையில கைய வுடல, பரண் மேல இன்னா வெச்சிருக்கீங்கன்னு கேக்கல. வாசப்படி தாண்டினாரு, நேரா கட்டிலாண்ட போனாரு, குனிஞ்சாரு, என் பழைய செவப்புப் பொடவையில சுத்தி வெச்சிருந்த பலகையப் புடிச்சு இழுத்தாரு. தன் ஊட்டுல தன் செருப்பத் தேடி எடுக்கற மாதிரி. கூட வந்தவரு சாமி படத்தாண்ட ஆணியில தொங்கினு இருந்த ரெண்டு அட்டையையும், மூலையில சுருட்டி வெச்ச படத்தையும் எடுத்துக்கினாரு. என் ஊட்டுக்காரரு லோகநாதன் நாஷ்டா துன்னுகினு இருந்தவரு எச்சக் கையோட எழுந்து நின்னாரு. சார் இது வெளயாட்டு ரயிலு சார், ஷோ வெக்கறதுக்கு செய்யறோம்னு சொன்னாரு. அந்த போலீஸ்காரரு படத்தப் பிரிச்சுப் பாத்தாரு. "வெளயாட்டு ரயிலுக்கு எதுக்குய்யா பாலம் எங்க இருக்கு, சிக்னல் எங்க இருக்குன்னு படம்?" அப்படின்னாரு. அப்புறம் சட்டையப் போட்டுகினு வான்னாரு.

எழுபத்தாறாம் வருசம், பங்குனி மாசம். எமர்ஜென்சி நேரம். நாலு பேரு டீக்கடையில சத்தமா பேசினாலே திரும்பிப் பாத்த காலம். அப்போ எங்க குடித்தனம் கும்மிடிப்பூண்டியில, ஸ்டேஷனுக்கு மேக்கால, கரித்தூள் படியற ஊடு. துணி காயப்போட்டா ரயிலு போனப்புறம் இன்னொரு தபா ஒதறணும். இவரு பழவேற்காட்டு மீன்புடிக்கற குடும்பம். வலையவும் படகையும் வுட்டுட்டு இரும்புக் கம்பெனியில ஃபிட்டரா சேந்தவரு. அங்க இவரும் அப்பாவுன்னு ஒருத்தரும் டெம்பரரி. ரெண்டு பேருல ஒருத்தரத்தான் பர்மனென்ட் பண்ணுவோம்னு மேனேஜரு முன்னமே சொல்லிட்டாரு. அது ஆவுற நேரத்துல போலீஸ் ஊட்டுக்கு வந்தா இன்னா ஆவும்? கொழம்பு அடிப்புடிக்கற வாசனை வர்ற வரைக்கும் நான் அதையே யோசிச்சுகினு நின்னேன்.

இந்த ரயிலு பைத்தியத்த கொஞ்சம் சொல்லிடறேன், இல்லாட்டி புரியாது. ஆரம்பிச்சு வெச்சவரு எம்பார் வாத்தியாரு. திருவள்ளூர்ல கோயில் கைங்கரியம் பண்ற குடும்பம். அண்ணன் தம்பிங்க எல்லாம் பெருமாள் சேவையில இருக்க, இவரு மட்டும் பொன்னேரி ஸ்கூல்ல பாடம் எடுத்துகினு, சாயங்காலமானா பிளாட்பாரத்துல நின்னு இஞ்சினப் பாத்துகினு இருப்பாரு. நெத்தியில நாமம், கையில கரி. அவருதான் ஆளுங்களச் சேத்தாரு. பெரிய ரயில அப்படியே சின்னதா செய்யறது. பித்தளைப் பட்டைய வளைச்சு தண்டவாளம், வத்திக்குச்சி வெச்சு கட்டை, டின்னு தகரத்துல இஞ்சின், அதுக்குள்ள மூர் மார்க்கெட்டுல வாங்கின குட்டி மோட்டாரு, கார் பேட்டரியில கரன்ட்டு. மொத ஷோ திருவள்ளூர் ஸ்கூல்ல சின்னதா வெச்சாங்க. ஜனம் வந்து குவிஞ்சிச்சு. கெழவிங்க எல்லாம் அந்தக் குட்டி ரயிலப் பாத்து கன்னத்துல போட்டுக்கினாங்க. அந்த ருசி புடிச்சுப் போச்சு. அடுத்தது பெருசா வெக்கணும்னு ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை கூடி ஒரே பேச்சு. பேசின் பிரிட்ஜ்லேந்து ஆரம்பாக்கம் வரைக்கும் மொத்த லைனையும் பொன்னேரி கல்யாண மண்டபத்துல ஓட்டிக் காட்டறதுன்னு முடிவாச்சு. சித்திரை லீவுல.

ஒரு ஆளுக்கு ஒரு ஸ்டேஷன், ஒரு பலகை. மீஞ்சூர் ஸ்டேஷன வல்லூர் ஆளு ஒருத்தரு எடுத்துக்கினாரு. பொன்னேரி எம்பாருது. கவரைப்பேட்டை அப்பாவுது. கும்மிடிப்பூண்டி எங்களுது. எளாவூரு விக்டோரியாவுது. விக்டோரியான்னா டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரு, கல்யாணம் ஆவாத பொண்ணு, அவ அப்பா ரயில்வேயில டிரைவரா இருந்து செத்தவரு. ஆம்பளைங்க நடுவுல ஒக்காந்து சால்டரிங் வெச்சுகினு வேலை செய்யும். எனக்கு மொதல்லேந்தே அது மேல ஒரு கண்ணுதான். நல்ல கண்ணு இல்ல.

அவங்களுக்குள்ள ஒரு ரூல் வெச்சிருந்தாங்க. ஷோ அன்னிக்கு வரைக்கும் ஒருத்தர் பலகைய இன்னொருத்தர் பாக்கக் கூடாது. பாத்தா காப்பியடிச்சுடுவாங்க, இல்லாட்டி அசந்து போற சந்தோசம் போயிடும். ஆனா பக்கத்து ஸ்டேஷன்காரரு மட்டும் பாக்கலாம். ஏன்னா தண்டவாளம் ரெண்டும் சேரணுமே. அதுக்குத்தான் அந்த அட்டை. பொடவைக் கடை டப்பா அட்டைய வெட்டி, பலகையோட ஓரத்துல தண்டவாளம் எங்க வந்து நிக்குதுன்னு பள்ளம் மாதிரி ரெண்டு காடி வெட்டிடுவாங்க. ஒரு சேர்மானத்துக்கு ரெண்டு அட்டை, இவரண்ட ஒண்ணு, பக்கத்து ஆளுகிட்ட ஒண்ணு. அவ்ளோதான், வேற எங்கயும் கெடையாது. எங்க பலகையில கவரைப்பேட்டை பக்கம் தண்டவாளம் நடு மத்தியில வரும், அதுக்கு செவப்புக் கோடு போட்ட அட்டை. எளாவூர் பக்கம் லைன் வளைஞ்சு முன்னாடி ஓரத்துக்கு வந்துடும், அதுக்கு நீலக் கோடு. ரெண்டையும் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வெச்சிருப்பாரு. சாமிக்கு பூ வெக்கறப்ப அதுங்களுக்கும் சேத்து வெக்கவான்னு நான் கிண்டல் பண்ணுவேன்.

இப்போ கணக்குப் போடுங்க. பலகை கட்டிலுக்கடியில இருக்குது, செவப்புப் பொடவையில சுத்தி இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்? எனக்கு, இவருக்கு, எங்க மாமியார் செங்கம்மாளுக்கு. அப்புறம் பக்கத்து ஸ்டேஷன்காரங்க ரெண்டு பேருக்கு. அப்பாவுக்கும் விக்டோரியாவுக்கும்.

இவர சாயங்காலமா அனுப்பிட்டாங்க. அடிக்கல. ஆனா பலகையும் அட்டையும் படமும் அங்கயே தங்கிப்போச்சு. அதுக்கு முன்னாடியே அப்பாவு ஓடி வந்துட்டாரு. வாசல்லயே ஒக்காந்துகினாரு, உள்ள வரல. தூக்குல காப்பி வாங்கியாந்து எனக்கும் அத்தைக்கும் ஊத்திக் குடுத்தாரு. எங்க ஊட்டுல எத்தினியோ நாளு துன்னவரு, என்ன அண்ணின்னுதான் கூப்புடுவாரு. காத்தாண்ட சொல்ற மாதிரி மெதுவா சொன்னாரு.

"அண்ணி, நான் யாரையும் சொல்லல. ஆனா எக்ஸ்சேஞ்சுல ஒக்காந்துகினு ஊரு பேச்செல்லாம் கேக்கறவங்களுக்கு எந்த ஆபீசுக்கு எப்போ போன் போடணும்னு தெரியாதா?"

அவ்ளோதான் சொன்னாரு. எனக்கு அது போதும். உள்ள இருந்த வெறகுல நெருப்பு வெச்ச மாதிரி ஆச்சு. மறுநாளு விக்டோரியா ரொட்டியும் பழமும் எடுத்துகினு வந்துச்சு, சைக்கிள சாத்திட்டு வாசல்ல நின்னுச்சு. நான் உள்ள கூப்புடல. எங்க ஊட்டு வழிய இப்ப எல்லாருக்குமே தெரிஞ்சு போச்சு, நீ எதுக்கு இன்னொரு தபா பாத்துட்டுப் போறேன்னு கேட்டேன். அது மொகம் வெளுத்துச்சு. ரொட்டிய திண்டு மேல வெச்சிட்டு சைக்கிள எடுத்துச்சு. அத்த அந்த ரொட்டிய எடுத்து காக்காய்க்குப் போட்டாங்க.

இவரு மட்டும் யாரையும் சந்தேகப்படல, இல்லாட்டி வெளிய காட்டிக்கல. நான் ராவும் பகலும் விக்டோரியா விக்டோரியான்னு நச்சரிச்சேன். இவரு வெத்தலைய மென்னுகினு, அதோட பலகையும் நம்ம பலகை மாதிரிதான் ரத்னா, தண்டவாளம் சேரணும், அத்தப் பாருன்னு சொல்லுவாரு. கம்பெனியில மேனேஜரு கூப்ட்டு, போலீசு விசயம் தீரட்டும், அப்புறம் பர்மனென்ட் பத்திப் பேசலாம்னு சொல்லிட்டாராம். ஷெட்டுல ஆளுங்க இவரு பக்கத்துல ஒக்காந்து துன்றத நிறுத்திட்டாங்களாம். அப்பாவு மட்டும் ஒக்காருவாராம். அதச் சொல்றப்ப இவரு கொரலு கொஞ்சம் எறங்கும். நல்ல மனுசன்ல அப்பாவுன்னு நானும் சொல்லுவேன்.

எம்பார் வாத்தியாருதான் வுடாம அலைஞ்சாரு. கடைசியா ஒரு நாளு பேட்டரியத் தோள்ல தூக்கிகினு, என் ஊட்டுக்காரரு செஞ்ச இஞ்சின வேட்டி மடியில கட்டிகினு இன்ஸ்பெக்டரு ஆபீசுக்கே போயிட்டாரு. இன்ஸ்பெக்டரு டேபிள் மேல பைலெல்லாம் ஒதுக்கச் சொல்லி, வளையமா தண்டவாளம் போட்டு இஞ்சின ஓட வுட்டாராம். அது பேப்பர் வெயிட்டச் சுத்தி, இங்க் புட்டியச் சுத்தி ஓடிச்சாம். இன்ஸ்பெக்டரு கொஞ்ச நேரம் மொறைச்சுப் பாத்தாராம், அப்புறம் ஊதுமா இதுன்னு கேட்டாராம். எம்பார் சாமி தன் வாயாலயே கூன்னு ஊதிக் காட்டினாராம். காவலுக்கு நின்ன ஆளுங்க எல்லாம் ஜன்னல்ல வந்து நின்னுட்டாங்களாம். அந்தக் கதைய சாமி சொல்லி நாங்க சிரிச்ச சிரிப்பு, அன்னிக்குத்தான் ஊட்டுல மறுபடியும் சிரிப்பு கேட்டுச்சு. ஆனா பலகை அன்னிக்கே வந்துடல. மேல எழுதிப் போட்டிருக்கோம், பாக்கலாம்னு சொல்லிட்டாங்க. ஷோவுக்கு மொத நாளு மத்தியானந்தான் ஒரு ஜீப்புல கொண்டாந்து எறக்கினாங்க. சிக்னலு ஒடிஞ்சு கெடந்துச்சு. பிளாட்பாரத்துல வெத்தல எச்சி. படமும் அட்டைங்களும் வரவே இல்ல. கேட்டதுக்கு அதெல்லாம் பைலோட போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. இவரு ஈரத்துணி வெச்சு பிளாட்பாரத்தத் தொடைச்சாரு.

ஷோவுக்கு மேனேஜர கூப்புட்டது எம்பாரு யோசனை. கும்மிடிப்பூண்டி பலகையில கம்பெனிக்குள்ள போற சைடிங் லைனையும், கேட்டையும், கேட்டுல ஒக்காந்திருக்கற வாட்ச்மேனையும் இவரு செஞ்சு வெச்சிருந்தாரு. மேனேஜரு அதத் தன் கண்ணால பாத்துட்டா, படம் போட்டது இதுக்குத்தான்னு அவருக்கே புரிஞ்சுடும், லோகநாதனுக்கு வேலை நெலச்சுடும்னு சாமி சொன்னாரு. ஆக, ரயிலு கும்மிடிப்பூண்டிய தாண்டி ஓடணும். எங்களுக்கு அதுல சோறு இருந்துச்சு.

கல்யாண மண்டபம் பூரா மேசை போட்டு வரிசையா பலகைங்க. பேசின் பிரிட்ஜ் மேடையாண்ட, ஆரம்பாக்கம் சமையல்கட்டு வாசலாண்ட. ஒவ்வொருத்தரும் துணிய எடுக்க எடுக்க, அய்யோ அத்தப் பாரு, இத்தப் பாருன்னு ஒரே ஆரவாரம். மீஞ்சூர்காரரு தலையில கூடையோட ஒரு மீன்காரிய நிக்க வெச்சிருந்தாரு, அவ கூடையில நெசமான வரகரிசியளவு மீனு. பொன்னேரி பிளாட்பாரத்துல எம்பார் சாமி தன்னையே நாமத்தோட செஞ்சு நிக்க வெச்சுகினு இருந்தாரு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. பலகைங்க ஒண்ணொண்ணா சேந்துகினு வந்துச்சு. பொன்னேரியும் கவரைப்பேட்டையும் அலுங்காம சேந்துச்சு. அப்புறம் எங்களுது.

சேரல.

கொஞ்சம் தள்ளி இருந்தா தட்டிச் சேத்துடலாம். இது அப்படியில்ல. எங்க தண்டவாளம் நடுவுல வந்து நிக்குது, அப்பாவு தண்டவாளம் முன்னாடி ஓரத்துல போய் நிக்குது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சாண் தூரம். எம்பார் சாமி முட்டி போட்டுக் குனிஞ்சு பாத்தாரு.

"ஏன்டாப்பா அப்பாவு, இது எங்கயோ போய் நிக்கறதே?"

அப்பாவு தலையச் சொறிஞ்சாரு. பலகை வராதுன்னு நெனச்சுட்டேன் சாமி, போலீசுல போனது எங்க வரப்போவுதுன்னு போன வாரந்தான் மாத்திட்டேன், கவரைப்பேட்டையும் எளாவூரும் நேரா சேந்தா ஷோ நிக்காதேன்னு பாத்தேன்னு சொன்னாரு. சொல்லிட்டு இவரு தோள்ல கை வெச்சாரு. தப்பா எடுத்துக்காத லோகான்னாரு. சுத்தி இருந்தவங்க எல்லாம் ஆமாமா, நல்லதுக்குத்தானே செஞ்சாருன்னு தலையாட்டினாங்க. சாமி கூட பேஷ் பேஷ்னாரு. எனக்கும் மொதல்ல அப்படித்தான் பட்டுச்சு.

அப்பத்தான் விக்டோரியா பைக்குள்ளேந்து தன் அட்டைய எடுத்துச்சு. எளாவூர் பக்கத்து நீலக் கோட்டு அட்டை. எடுத்துகினு போயி அப்பாவு பலகையோட ஓரத்துல வெச்சுச்சு. காடி ரெண்டும் தண்டவாளம் ரெண்டு மேலயும் சொல்லி வெச்ச மாதிரி ஒக்காந்துச்சு. மயிரிழை பிசகல. அது கைய எடுக்காம அப்படியே நின்னுச்சு. அப்புறம் யாரையும் பாக்காம, பாத்திரத்துல தண்ணி ஊத்தற மாதிரி மெதுவா கேட்டுச்சு.

"அளவு எங்க கெடைச்சுது, அப்பாவு? எங்கிட்ட நீங்க கேக்கவே இல்லையே."

லோகன் ஊட்டு அட்டையப் பாத்துதான்னு அப்பாவு சட்டுனு சொல்லிட்டாரு. சொன்னப்புறம் வாய மூடிக்கினாரு. லோகன் ஊட்டு அட்டைதான் போலீசு கொண்டு போச்சே. போன வாரம் அது எங்க இருந்துச்சு?

எனக்கு அப்போ மாசி மகம் ஞாபகம் வந்துச்சு. மண்டபம், ஜனம், சத்தம் எல்லாம் தூரமா போயிடுச்சு. மாசி மகத்தன்னிக்கு பழவேற்காட்டுல சாமிய கடலுக்கு எடுத்துகினு போவாங்க, எங்க குடும்பம் பூரா போவணும். இவரும் அத்தையும் போயிட்டாங்க. நான் மட்டும் தூரமாயி பின்கட்டுல தனியா ஒக்காந்திருந்தேன். அப்ப அப்பாவு வந்தாரு. அண்ணி, என் அட்டைய எலி கடிச்சிடுச்சு, உங்களுத வெச்சு வேற வெட்டிக்கறேன்னு கேட்டாரு. சாமி படத்தாண்ட இருக்குது, நான் தொட மாட்டேன், நீயே எடுத்துக்கோன்னு இங்கேந்தே சொன்னேன். உள்ள போயி எடுத்துகினு பின்பக்கமா வந்து தண்ணி கேட்டுக் குடிச்சிட்டுப் போனாரு. சட்டைப் பாக்கெட்டுலேந்து அட்டை நீட்டிகினு இருந்துச்சு. நீலக் கோடு. கவரைப்பேட்டைக்கு செவப்புதானே வேணும்னு எனக்கு அன்னிக்குத் தோணவே இல்ல. மறுநாளு கொண்டாந்து ஆணியில மாட்டிட்டாரு. போலீசு வந்தது அதுக்கப்புறம், பங்குனியில.

போலீசு வர்றதுக்கு முன்னாடியே கும்மிடிப்பூண்டி இல்லாத லைன ஒருத்தரு தன் ஊட்டுல ஒக்காந்து போட்டுகினு இருந்திருக்காரு. அவரே போய் சொன்னாரா? இல்ல, எங்கயாவது பேச்சு காதுல வுழுந்து, வரப்போவுதுன்னு தெரிஞ்சு, தெரிஞ்சும் எங்ககிட்ட சொல்லாம தன் பலகைய மட்டும் பாத்துக்கினாரா? வாசல்லயே ஒக்காந்து காப்பி ஊத்தினது ஞாபகம் வந்துச்சு. உள்ள வராம ஒக்காந்தது. நான் விக்டோரியாவப் பாத்தேன். அதுவும் என்னப் பாத்துச்சு. அந்த ரொட்டி நாளுக்கப்புறம் நாங்க ஒருத்தர் கண்ண ஒருத்தர் பாக்கறது அதான் மொதல் தபா. நான் வாயத் தொறந்தேன். அதே நேரம் வாசல்ல கம்பெனி ஜீப்பு வந்து நின்ன சத்தம் கேட்டுச்சு. விக்டோரியா லேசா தலைய அசைச்சுச்சு. வேணாம்னு.

சொன்னா இன்னா ஆவும்? மேனேஜரு காதுல மறுபடியும் போலீசு, சண்டை, லோகநாதன்னு எல்லாம் ஒண்ணா வுழும். நான் வாய மூடிக்கினேன். பல்லு வலிக்கற அளவுக்கு மூடிக்கினேன்.

இவரு இது எதுலயும் கலந்துக்கல. குனிஞ்சே இருந்தாரு. ஒரு சின்னப் பலகைத் துண்ட எடுத்தாரு, மிச்சப் பித்தளைப் பட்டைய வளைச்சாரு, நடு மத்தியிலேந்து ஓரத்துக்கு ஒரு வளைவு போட்டாரு. பசை வெக்க நேரமில்ல, குண்டூசி குத்தி நிறுத்தினாரு. ரெண்டு பலகைக்கும் நடுவுல அந்தத் துண்டு, கீழ ஒண்ணும் இல்லாம, பாலம் மாதிரி அந்தரத்துல நின்னுச்சு. விக்டோரியா வந்து மண்டி போட்டு குண்டூசி ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்துச்சு. மேனேஜரு ஒவ்வொரு ஸ்டேஷனா குனிஞ்சு பாத்துகினு, சிரிச்சுகினு வந்தாரு. எங்க பலகையாண்ட வந்து கம்பெனி கேட்டப் பாத்ததும் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சு மறுபடியும் போட்டுக்கினாரு. நம்ம வாட்ச்மேனு தூங்கற மாதிரியே செஞ்சிருக்கீங்களேன்னாரு. சரி, ஓட்டிக் காட்டுங்கன்னாரு.

ரயில ஓட்டறதுக்கு ரேடியோவுல இருக்கற மாதிரி ஒரு குமிழு. அத்தத் திருப்பினா வேகம். இவருதான் ஓட்டறதுன்னு முன்னமே பேசி வெச்சது. இவரு அந்தக் குமிழு பொட்டிய எடுத்துகினு போயி அப்பாவு கையில வெச்சாரு.

"நீ ஓட்டு."

அப்பாவு நானா, வேணாம் லோகான்னு பின்னால போனாரு. மேனேஜரு பாத்துகினு இருக்காரு, யாரு ஓட்டினா இன்னாப்பா, ஓட்டுங்கன்னாரு. அப்பாவு வாங்கிக்கினாரு. இவரு திரும்பி வந்து அந்தத் துண்டுப் பாலத்தாண்ட தரையில சம்மணம் போட்டு ஒக்காந்துகினு, அதுக்குக் கீழ உள்ளங்கைய விரிச்சு வெச்சுகினாரு.

பேசின் பிரிட்ஜுலேந்து கெளம்பிச்சு ரயிலு. முன்னாடி சின்ன லைட்டு எரிஞ்சுகினு. எம்பார் சாமி மேடையாண்ட நின்னு வாயால ஊதினாரு. கொழந்தைங்க கூடவே ஓடிச்சுங்க. மீஞ்சூரு போச்சு, பொன்னேரி போச்சு, நாமம் போட்ட சாமி பொம்மையத் தாண்டிச்சு. கவரைப்பேட்டைக்குள்ள வந்து, அப்பாவு பலகையோட ஓரத்துக்கு வந்ததும், அவரு குமிழக் கொறைக்க, அப்படியே நின்னுச்சு. மோட்டாரு மட்டும் லேசா முனகுது. பின்னால இருந்தவங்க தலைய நீட்டிப் பாக்கறாங்க. மேனேஜரும் குனிஞ்சிருக்காரு. அப்பாவு கட்டை வெரலு குமிழு மேல இருக்குது, திருப்பவும் இல்ல, எடுக்கவும் இல்ல. இவரு அவரப் பாக்கல. தண்டவாளத்தையே பாத்துகினு இருக்காரு. அந்தக் குட்டி இஞ்சினோட வெளிச்சம் பாலத்து இடுக்கு வழியா எறங்கி, கீழ விரிச்சு வெச்சிருந்த அவரு உள்ளங்கையில வட்டமா வுழுந்துகினு இருந்துச்சு.